கூறைச்சேலை போர்த்திய திராட்சைக் கொடி

செடி கொடிகளுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில் தோட்டத்துப் பக்கம் போனால் காது வலிக்கும். பூசணி எப்போதும் எதையாவது சொல்லிப் புலம்பும். வேலி அவரை ஊர்வம்பு பேசும். பூண்டு மண்ணுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுக்கும். பேசுகிற உயிரைக் கேட்காமல் எப்படி வெட்டுவது? அதனால் மேற்கு மலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த ஒரு சின்ன ஊரில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கீரை கிள்ளப் போனாலும் கீரையிடம் கேட்க வேண்டும். "கிள்ளட்டுமா?" என்று கேட்டு, அது "கிள்ளிக்கோ" என்று சொன்ன பிறகுதான் கை வைக்கலாம். பெரும்பாலும் சொல்லிவிடும். கீரைக்கு நல்ல மனசு.

கேட்காமல் பச்சையில் அரிவாள் வைத்தவருக்கு அந்த ஊரில் இடம் கிடையாது. ஒரு மூட்டையோடு மலையை விட்டு இறங்கிவிட வேண்டியதுதான், ஆணானாலும் பெண்ணானாலும். ஆனால் அந்தக் குற்றத்தை வெட்டுப்பட்ட செடிதான் சொல்ல வேண்டும். வெட்டினவர் பேச்சும் செல்லாது, பக்கத்தில் நின்று பார்த்தவர் பேச்சும் செல்லாது. பக்கத்தில் நிற்பவர்கள் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அந்த ஊரில் சடையாண்டி என்று ஒருவன் இருந்தான். நல்ல உழைப்பாளி. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் ஒன்றின் மேல் மனசு போய்விட்டால் போனதுதான், திரும்பக் கூப்பிட முடியாது. அவன் பெண்டாட்டி குருவம்மா. வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம், சமையல் நல்ல சமையல். கல்யாணம் ஆன புதிதில் சடையாண்டியின் மனசு அவள் மேல்தான் போயிருந்தது. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. தெரியாதவளாக இருந்தால் சும்மா இருந்திருப்பாள்.

ஒரு கோடையில் பொதிமாட்டு வியாபாரி ஒருவன் காய்ச்சலோடு அவர்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்தான். குருவம்மாதான் கஞ்சி ஊற்றித் தேற்றினாள். போகும்போது அந்த வியாபாரி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனான். "ஊன்றி வை, பந்தல் போடு, கொத்துக் கொத்தாகக் காய்க்கும்" என்றான். கஞ்சி ஊற்றினது அவள். குச்சியை வாங்கிக்கொண்டது அவன். இதை அவள் பிற்காலத்தில் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள், நானாக இருந்தாலும் சொல்லிக் காட்டுவேன்.

குச்சி வேர் பிடித்தது. கொடியாகிப் பந்தலில் ஏறியது. அந்த மலையில் அதற்கு முன் திராட்சையை யாரும் பார்த்ததில்லை. இலையைப் பார்த்தே ஊர் வாயைப் பிளந்தது. சடையாண்டிக்கோ கேட்கவே வேண்டாம். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் பந்தலடிக்குப் போவான். அதுவும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசும்.

"சடையா, வந்துட்டியா? நீ வர்ற வரைக்கும் கண்ணே தொறக்கலை நான்."

குருவம்மா அடுப்படியில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டே சுள்ளியை ஒடிப்பாள். கொஞ்சம் பலமாகவே ஒடிப்பாள்.

அப்புறம் மார்கழி வந்தது. அந்த மலையில் அப்போதெல்லாம் பனி என்றால் சாதாரணப் பனி இல்லை. புல்லின் மேல் உப்புக் கொட்டினது போல் வெள்ளையாகக் கிடக்கும். வாசலில் வைத்த பானைத் தண்ணீர் விடியும்போது மேலே ஏடு கட்டியிருக்கும். வெதுவெதுப்பான ஊரில் இருந்து வந்த கொடிக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை.

"குளிருது சடையா" என்றது.

சடையாண்டி சாமை வைக்கோலைக் கொண்டுவந்து சுற்றினான். கொடி பிழைத்துக்கொண்டது. அடுத்த வருஷம் கொடி இரண்டு மடங்கு நீண்டிருந்தது, வைக்கோல் போதவில்லை. வீட்டில் இருந்த சாக்குகளை எடுத்துச் சுற்றினான். அதற்கடுத்த வருஷம் இன்னும் நீண்டது, பாயை எடுத்தான். ஒவ்வொரு பனிக்கு முன்னும் முறைப்படி அதனிடம் கேட்கத்தான் செய்தான்.

"கொஞ்சம் குறைச்சு வெட்டி விடட்டுமா? சின்னதா இருந்தா மூடறதுக்குச் சுலபமா இருக்கும்."

"ஐயோ சடையா, என்னையா வெட்டப் போற? உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அதோடு அவன் கேட்பதை விட்டுவிடுவான். கொடி இஷ்டத்துக்கு நீண்டது. பந்தல் முழுக்கப் பரவி, மாட்டுக் கொட்டகை மேல் ஏறி, கொட்டகையில் இருந்து வீட்டுக் கூரைக்குத் தாவியது. எல்லாம் இலையும் தண்டும்தான். காய் என்று பார்த்தால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கொத்து, அதுவும் வாயில் வைத்தால் கண் சுருங்குகிற புளிப்பு. அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவான் சடையாண்டி. "எங்க கொடி காய்ச்சது" என்பான். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று வாயில் போட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, அவன் தலை மறைந்ததும் துப்புவார்கள்.

குருவம்மாவுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாராக இல்லை. ஒரு பெண்டாட்டி கொடியைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று கேட்பவர்கள், அவர்கள் வீட்டுப் பாயை ஒரு மார்கழிக்குக் கொடியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்த பிறகு வந்து கேட்கட்டும்.

அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சடையாண்டி உள்ளே வந்தான், அவளைப் பார்த்தான், "இன்னைக்குக் கொடிக்கு முகமே சரியில்லை, குருவு" என்றான்.

இன்னொரு நாள் தலைவாரிச் சாமந்திப் பூ வைத்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். அவன் கண் பூவின் மேல் போயிற்று. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "அந்தப் பூவோட பந்தல் பக்கம் போயிறாத, புள்ள. அந்த வாசம் அதுக்கு ஒத்துக்கலையாம்" என்றான். அவள் பூவைப் பிய்த்து மாட்டுக்குப் போட்டாள். மாடாவது நல்ல பூ என்பது போல் தலையை ஆட்டிவிட்டுத் தின்றது.

அந்த வருஷம் பனி முன்னதாகவே இறங்கியது. வைக்கோல், சாக்கு, பாய் எல்லாம் சுற்றியும் கொடியின் பாதி உடம்பு வெளியில் கிடந்தது. சடையாண்டி வீட்டில் இருந்த ஒரே கம்பளியை எடுத்துப் போர்த்தினான். அதுவும் போதவில்லை. பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு போனான். குருவம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பந்தல் மேல் சிவப்பாக ஒன்று விரிந்து கிடந்தது. அவளுடைய கூறைச்சேலை.

"ஏய்யா, அது என்ன தெரியுமா?" என்றாள்.

"சேலை."

"என்ன சேலை?"

அவனுக்கு உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை. "பழைய சேலைதானே புள்ள, சும்மாதானே பெட்டியில கெடந்துச்சு" என்றான். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசுகிறவள் பேசாமல் இருந்தால் வீட்டில் உள்ளவன் கொஞ்சம் பயப்பட வேண்டும். சடையாண்டி பயப்படவில்லை.

கொடிக்கு அதுவும் போதவில்லை. நுனி குளிருகிறது என்றது. கூரையில் இருந்து தொங்கிய அந்த நுனியை அவன் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே இழுத்துக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தான். குருவம்மா படுக்கிற இடம் அது. விடிந்ததும் அவள் பார்த்தபோது, தூங்கிக்கொண்டிருந்த புருஷனின் மணிக்கட்டைக் கொடியின் பற்றுக்கம்பி ஒன்று சுற்றிப் பிடித்திருந்தது.

அவன் எழுந்தான். அதைப் பதமாகக் கழற்றினான். கொடி அவன் காதருகில் என்னவோ சொன்னது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு குருவம்மாவிடம் வந்தான்.

"நான் கீழ் ஊருக்குப் போயி வைக்கோல் கேட்டு வாங்கிட்டு வாறேன். நாளைக்கு உன்னை உங்க ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டுடறேன் புள்ள. இந்தப் பனி முடியற வரைக்கும் அங்க இரேன். வீட்டுல எடமும் கொஞ்சம் கெடைக்கும்."

"யாருக்கு எடம்?" என்றாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். அதுதான் பதில்.

"சரி, போயிட்டு வா" என்றாள் குருவம்மா. அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் தலை சரிவில் மறைகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் அரிவாளை எடுத்தாள்.

கேட்டாளா? கேட்கவில்லை. கேட்டால் அது என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

கணப்புப் பக்கத்தில் இருந்து ஆரம்பித்தாள். ஒரே வெட்டு. நுனி துண்டாக விழுந்தது. கொடி அலறியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலில் ஒரு வெட்டு. கூரை மேல் ஏறிக் கொஞ்சம். கொட்டகை மேல் கிடந்ததை இழுத்துப் போட்டு வெட்டினாள். பந்தலுக்கு வந்ததும் முதலில் கூறைச்சேலையை எடுத்து, நூல் இழுபடாமல் உதறி, நான்காக மடித்துத் திண்ணை மேல் வைத்துவிட்டு, மறுபடியும் அரிவாளைப் பிடித்தாள். கம்பளியை உருவினாள், வெட்டினாள். பாயை உருவினாள், வெட்டினாள். வேலியில் இருந்த அவரை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அன்றைக்குத் திருவிழா.

கடைசியில் தூர் மட்டும் மிஞ்சியது. இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்டு, அதன் தலையில் இருபக்கமும் கை போல விரிந்த கிளை, அந்தக் கிளையில் அங்கங்கே வெட்டின குச்சிகள். குருவம்மா தண்டில் அரிவாளை வைத்தாள்.

"நிறுத்து குருவம்மா" என்றது கொடி. குரலில் கொஞ்சல் ஒன்றும் இல்லை. "அங்க வெட்டினா செத்துப் போவேன்."

"சாவு."

"சாகறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிக்கிறேன். உன் மேல எனக்கு எவ்வளவு பொறாமைன்னு உனக்குத் தெரியுமா?"

குருவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "என் மேலயா? பாய் உன் மேல, கம்பளி உன் மேல, என் கல்யாணச் சேலை உன் மேல. புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினது நீ. என் மேல என்னத்தைப் பார்த்துப் பொறாமை?"

"என்னைப் போர்த்தறப்போ அவன் கை நடுங்கும். நான் எந்த நேரத்துல செத்துருவேனோன்னு பயம். உன்னைப் பத்தி அவனுக்கு ஒரு பயமும் கிடையாது. விடிஞ்சா வெயில் வரும், அடுப்புல கஞ்சி இருக்கும், குருவு இருப்பா. அதைப் பத்தி அவன் யோசிக்கிறதே இல்லை. அப்படி ஒருத்தன் நம்பற மாதிரி நான் ஒரு நாள் இருந்திருப்பேனா?"

குருவம்மா அரிவாளைக் கீழே இறக்கினாள். அந்த நடுக்கத்தில் ஒரு துளி தன் பக்கம் வராதா என்றுதான் இத்தனை வருஷமாக அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். தனக்கு இருப்பதைப் பார்த்து இது ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்டதும் மனசு இளகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. இன்னும் கொஞ்சம் எரிந்தது. அவன் கை நடுங்கும் என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுபடியும் அரிவாளை ஓங்கினாள். ஓங்கின கை அப்படியே நின்றது. இது செத்துப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாள். சடையாண்டி இந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு வைப்பான். காலையும் மாலையும் வந்து உட்காருவான். இது கொஞ்சினதை எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்வான். புளிச்ச பழம் அவன் வாயில் தேனாகிவிடும். உயிரோடு இருக்கிற கொடியோடு சண்டை போடலாம். செத்துப் போனதோடு எவளால் போட்டி போட முடியும்?

"சாக விட மாட்டேன்டி" என்றாள். "செத்தா உன்னைச் சாமி ஆக்கிருவான். நீ உசுரோட கெட. குட்டையாக் கெட. அவன் கண்ணு முன்னாடியே கெட."

நீளமாக நின்ற குச்சிகளை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டினாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கணு விட்டாள். பிழைக்க அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் மண்வெட்டியை எடுத்து மண்ணைக் குவித்துத் தூரை அணைத்தாள். கிளையைத் தாழ வளைத்துக் கட்டி அதன் மேலும் மண் போட்டு, மேலே ஒரு பிடி வைக்கோல் பரப்பினாள். இத்தனை வருஷம் வீட்டையே காலி செய்தும் முடியாத வேலை, ஒரு மண்வெட்டியில் முடிந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் சடையாண்டி வைக்கோல் கட்டோடு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். வீட்டில் பாய் விரித்திருந்தது. கம்பளி மடித்திருந்தது. கணப்புப் பக்கத்தில் கொடியின் நுனி வாடிக் கிடந்தது.

"நான்தான் வெட்டினேன்" என்றாள் குருவம்மா. "கேக்காமத்தான் வெட்டினேன்."

அவன் கட்டைக் கீழே போட்டான். மண்மேட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவளைத் திட்டியிருந்தால் அவள் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை. வைத்த சோறு ஆறிப்போனது.

அவரை சும்மா இருக்குமா? விடிவதற்குள் ஊருக்கே சொல்லிவிட்டது. வெயில் ஏறும்போது ஊர்த் தலைவர் கரியப்பன் முன்னால் வர, ஊர் பின்னால் வந்தது. குருவம்மா ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருந்தாள். கூறைச்சேலையை உள்ளே வைத்து, மாற்றுத்துணி இரண்டை அதன் மேல் வைத்து இறுக்கிக் கட்டின மூட்டை. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆத்தா வீட்டுக்குப் போகிற மூட்டை வேறு, திரும்பி வர முடியாமல் போகிற மூட்டை வேறு.

கரியப்பன் மண்ணைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். கொடியின் தலை வெளியில் வந்தது. நேற்று வரைக்கும் கூரை மேல் படுத்திருந்தது இதுவா என்று ஊர் உச்சுக் கொட்டியது.

"கொடியே, உன்னை வெட்டினது குருவம்மா. அதை எல்லாரும் அறிவோம். வெட்டறதுக்கு முன்னால அவ உன்கிட்டக் கேட்டாளா? நீ சரின்னு சொன்னியா? நீ சொல்றதுதான் முடிவு."

கொடி பேசவில்லை.

சடையாண்டி மண்டியிட்டான். "சொல்லு. உண்மையைச் சொல்லு. நான் உன் பக்கம்தான்" என்றான்.

சொல்லிவிட்டு ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் மூட்டை அவன் கண்ணில் பட்டது. முடிச்சுக்குள் இருந்து சிவப்பு முந்தானை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. எந்தச் சேலை என்று இப்போது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். இவள் போய்விடுவாள் என்பது அவன் தலைக்குள் அதுவரை நுழைந்ததே இல்லை. மண்ணில் ஊன்றியிருந்த அவன் கை நடுங்க ஆரம்பித்தது.

குருவம்மா அதைப் பார்த்தாள். கொடியும் அதைப் பார்த்தது.

"இரண்டாவது தரம் கேக்கறேன்" என்றார் கரியப்பன். கொடி பேசவில்லை. மூன்றாவது தரமும் கேட்டார். அவரைக்குப் பொறுக்கவில்லை. "கேக்கலை, அவ கேக்கவே இல்லை, நான் பார்த்தேன்" என்று வேலியில் இருந்து கத்தியது. "உன்னை யாரும் கேக்கலை" என்றார் கரியப்பன். "வெட்டுப்பட்டது குறை சொல்லலை. அப்ப குத்தமும் இல்லை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊரும் கிளம்பியது. சிலருக்கு ஏமாற்றம்தான். வந்தவர்களில் பாதிப் பேர் குருவம்மாவின் வாய்க்குப் பயந்தவர்கள்.

சடையாண்டி அவள் இடுப்பில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவள் மண்வெட்டியோடு கொடியிடம் வந்தாள். விலக்கின மண்ணை மறுபடி போட வேண்டும் அல்லவா?

"ஏன் சொல்லலை?" என்று கேட்டாள்.

"உனக்காகன்னு நெனச்சுக்காத" என்றது கொடி. "அவன் கையைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நீ மலை எறங்கிப் போயிருந்தா அந்த நடுக்கம் ஆயுசுக்கும் உனக்குத்தான். என்னைப் போர்த்திக்கிட்டே உன்னை நெனைப்பான். நீ வச்ச கஞ்சியில உப்புக் கூடினதுகூட அவனுக்கு ருசியாத் தோணும். போனவளோட நான் எப்படிச் சண்டை போடறது? நீ இங்கேயே கெட. கஞ்சி காய்ச்சிக்கிட்டு, திட்டிக்கிட்டு, அவன் கண்ணு முன்னாடியே கெட."

குருவம்மா அதை உற்றுப் பார்த்தாள். இந்த மலையில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே உயிர் இதுதான் என்று அவளுக்குப் பட்டது. அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இனிமே நான் பேசப் போறதில்லை" என்றது கொடி. "வாயைத் தொறந்தா அவன் கேப்பான். அவன் கேட்டா நான் சொல்லிருவேன். என்னால அவன்கிட்டப் பொய் சொல்ல முடியாது."

அதுதான் அதன் கடைசிப் பேச்சு. மற்றச் செடிகள் எப்போது பேச்சை விட்டன என்று எனக்குத் தெரியாது. திராட்சை விட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பனிக்காலம் முழுக்கக் குருவம்மா மண்மேட்டைக் காவல் காத்தாள். மண் சரிந்தால் அணைத்தாள். ஈரம் கோத்தால் வைக்கோலை மாற்றினாள். செத்துத் தொலைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. இன்னொன்றும் செய்தாள். அந்த மூட்டையை அவிழ்க்கவில்லை. வீட்டு மூலையில் கட்டினபடியே வைத்திருந்தாள். சடையாண்டி தோட்டத்துக்குப் போகும்போதும் அதைப் பார்ப்பான், திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பான். "அவுத்து வச்சிரேன் புள்ள" என்று ஒரு நாள் கெஞ்சினான். "எதுக்கு அவசரம்?" என்றாள். அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாசியில் வெயில் ஏறியது. மண்ணை விலக்கினார்கள். வெட்டின இடத்தில் எல்லாம் தெளிந்த நீர் ஊறிச் சொட்டத் தொடங்கியது. சடையாண்டி ஓடி வந்து உள்ளங்கையில் ஏந்தினான்.

"அழுவுது குருவு."

குருவம்மாவுக்கு மறுபடியும் எரிந்தது. பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இப்படி ஒரு வழி வைத்திருக்கிறது பாருங்கள். அவளுக்கு அந்த மாதிரி நினைத்தபோது அழ வராது. "அழட்டும், கண்ணு நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், வேறு வழி இல்லாமல், அன்றைக்குத்தான் மூட்டையை அவிழ்த்துச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

பங்குனியில் அவள் விட்ட கணுக்களில் இருந்து துளிர் வெடித்தது. பழைய மாதிரி வெறும் இலையாக இல்லை. ஒவ்வொரு துளிரிலும் பூங்கொத்து. ஆடி வந்தபோது பந்தல் முழுக்கக் கறுப்பும் நீலமுமாகக் கொத்துக்கள் இறங்கி, அடியில் நடந்தால் தலையில் இடித்தது. ஊரே வந்து தின்றது. யாரும் துப்பவில்லை. சடையாண்டி ஒரு கொத்தைப் பறித்து முதலில் குருவம்மாவிடம் நீட்டினான். அவள் ஒன்றை வாயில் போட்டாள். "இனிக்கத்தான் செய்யுது" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுபடியும் மார்கழி வந்தது. சடையாண்டியே அரிவாளைத் தீட்டிக்கொண்டு பந்தலடிக்குப் போய் முறைப்படி கேட்டான். "வெட்டட்டுமா?" கொடி பேசவில்லை. எவ்வளவு வெட்டுவது, எவ்வளவு விடுவது என்று தெரியாமல் குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"சாகாத அளவுக்கு விடு" என்றாள் அவள். "வீட்டுக்குள்ள வராத அளவுக்கு வெட்டு."

அன்றிலிருந்துதான் திராட்சைக் கொடியை யாரும் கேட்டுவிட்டு வெட்டுவதில்லை, அந்த அளவுக்குத்தான் இன்றைக்கும் வெட்டுகிறார்கள், குளிர் கடுமையான இடங்களில் மண் அணைத்தும் வைக்கிறார்கள். கொடியும் வாய் திறக்காமல், வெட்டின இடமெல்லாம் சொட்டச் சொட்ட நின்றுவிட்டு, துளிர்த்ததும் பற்றுக்கம்பியை நீட்டிக்கொண்டு, பந்தலுக்குக் கீழே ஒருவன் தன் பெண்டாட்டியோடு வந்து நின்றாலும் அவன் கையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.